மூடிய வழக்கும் திறந்த கதவும்

சேலத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் தர்மபுரி நகரை ஒட்டி இலக்கியம்பட்டி என்றோர் ஊர் உண்டு. இலக்கியம் என்னும் இனிய சொல்லைத் தன் பெயரிலே தாங்கிய அவ்வூர், ஒரே நாளில் நாடறிந்த துயரத்தின் பெயராகிவிட்டது. அவ்வூரைக் கடந்து செல்லும்போது, நம் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் ஒரு கணம் பேச்சை நிறுத்துகிறார்கள். அந்த மௌனத்திற்குப் பின்னே ஒரு நெடிய வழக்கு இருக்கிறது. முடிந்தது என்று எண்ணப்பட்ட பின்னரும் மீண்டும் திறக்கப்பட்ட வழக்கு அது. அவ்வாறு திறக்கப்பட்டது நன்றா, தீதா என்று நம் குடும்பங்களிலே கேட்போர் பலர். அவ்வினாவையே இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு நாளின் தீ

2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள். நம் தர்மபுரி மறைமாவட்டம் சேலம் மறைமாவட்டத்தினின்று பிரிந்து உருவாகி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அன்று சென்னையில் தனி நீதிமன்றமொன்று, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில், முன்னாள் முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா அவர்களுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. செய்தி பரவியதும் தமிழகத்தின் பல பகுதிகளில் மறியலும் கலவரமும் மூண்டன.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவ மாணவியர் கல்விச் சுற்றுலா முடித்து, பேருந்துகளில் நம் மாவட்டத்தின் வழியே வந்துகொண்டிருந்தனர். இலக்கியம்பட்டியில் மறியலினால் வண்டிகள் நின்றன. மாணவியர் அமர்ந்திருந்த பேருந்தின்மேல் பெட்ரோல் ஊற்றப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. உடன் வந்த மாணவர்கள் ஓடிவந்து தோழியர் பலரை வெளியே இழுத்துக் காத்தனர். எனினும் கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா என்னும் மூன்று மாணவியர் வெளியே வரவில்லை. பயிர்களைக் காக்கக் கற்கச் சென்ற பிள்ளைகள் எரிந்து மாண்டனர். அந்தத் தீர்ப்புக்கும் அவர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இங்கே ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. எந்தத் தீர்ப்பைக் கேட்டு அக்கூட்டம் வெகுண்டதோ, அந்தத் தீர்ப்பு முடிவான தீர்ப்பன்று. மேல்முறையீட்டில் 2001 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை நீக்கி, அவரை அவ்வழக்கிலிருந்து விடுவித்தது. இரண்டே ஆண்டுகளுக்குள் சட்டம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. பொறுத்திருந்தவர்களுக்குக் கதவு திறந்தது. பொறுக்க மாட்டாதவர்கள் மூட்டிய தீயோ மூன்று வீடுகளின் கதவை என்றென்றைக்கும் அடைத்துவிட்டது. திருத்தக்கூடியது எது, திருத்தவே முடியாதது எது என்பதை இதனினும் தெளிவாக நமக்கு யார் உரைக்க வல்லார்?

தந்தை தட்டிய கதவு

இவ்வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது என்றவுடன், தண்டிக்கப்பட்டவர்களுக்காகத் திறக்கப்பட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. முதன்முதலில் அதன் கதவைத் தட்டியவர் பிள்ளையை இழந்த ஒரு தந்தை.

வழக்கின் விசாரணை முதலில் கிருஷ்ணகிரியில் நடந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகாமல் நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த காலம் அது. கண்ணால் கண்டதைச் சொல்லவேண்டிய சாட்சிகள் பலர் நீதிமன்றத்தில் பிறழ்ந்தனர். முதலில் கூறியதைக் கூறவில்லை என்றனர். பார்த்ததைப் பார்க்கவில்லை என்றனர். இப்படியே போனால் வழக்கு ஒன்றுமின்றி முடிந்துவிடும் என்று கண்ட அத்தந்தை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2003ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வழக்கைச் சேலத்திற்கு மாற்றி, விசாரணையைத் தொடக்கத்திலிருந்தே புதிதாக நடத்துமாறு ஆணையிட்டது.

நேர்மையற்ற நடுவர் ஒருவரிடம் நாள்தோறும் சென்று நீதி கேட்ட கைம்பெண்ணைப் பற்றி ஆண்டவர் உரைத்த உவமையை நாம் அறிவோம். தளராமல் கேட்டவளுக்கு நீதி கிடைத்தது. அத்தந்தையும் அவ்வாறே தளராமல் நின்றார். நடந்த விசாரணை நடந்ததுதான் என்று உயர் நீதிமன்றம் கைவிரித்திருந்தால், அம்மூன்று மாணவியருக்கும் நீதியே இல்லாமல் போயிருக்கும்.

சேலம் அமர்வு நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் 28 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு, அவர்களுள் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அமர்வு நீதிமன்றம் விதிக்கும் தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி நிறைவேற்ற இயலாது. உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் அதனை உறுதி செய்தது. 2010 ஆகஸ்டு 30ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அம்மூவரின் பெயர்களை நாம் இங்கு எழுதப் போவதில்லை. தண்டனைக்குப் பின் வீடு திரும்பியவர்களின் பெயரை மறுபடியும் தெருவில் கூவுவது நம் வேலையன்று.

ஆட்கொணர்வு என்னும் பழைய உரிமை

இனி, மூவரும் தட்டிய கதவைப் பற்றிக் கூறுமுன், சட்டத்தின் வழியொன்றை விளக்க வேண்டும். சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை நாடும் உரிமைகளுள் மிகப் பழையது ஆட்கொணர்வு மனு. ஹேபியஸ் கார்ப்பஸ் என்னும் இலத்தீன் பெயரால் வழக்கறிஞர்கள் அதனை அழைப்பர். நீ அடைத்து வைத்திருக்கும் ஆளை என்முன் கொண்டுவா. எந்தச் சட்டத்தின்படி அடைத்தாய் என்று சொல் என, நீதிபதி காவலரைக் கேட்கும் ஆணை அது. இங்கிலாந்தில் 1679ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சட்டம் இயற்றினர். நம் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திலும், 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்திலும் இத்தகைய நீதிப்பேராணைகளைக் கோரலாம்.

இவ்வுரிமை தளர்ந்துபோன காலமும் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரல் 28ஆம் நாள், காவலில் வைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் வர இயலாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளுள் நால்வர் தீர்ப்பளித்தனர். நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். நாற்பத்தோராண்டுகளுக்குப் பின், 2017இல் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பு தவறு என்று கூறி அதனை நீக்கியது.

அது தழைத்த காலமும் உண்டு. தில்லி திகார் சிறையில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா என்னும் கைதி, தம்மோடிருந்த வேறொரு கைதியைச் சிறைக் காவலர் ஒருவர் வதைத்ததைக் கண்டு பொறாமல், உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். முத்திரைத்தாளும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று, நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் 1979 டிசம்பரில் தீர்ப்பு வழங்கினார். சாவை எதிர்நோக்கியிருந்த ஒருவர் தமக்காக அன்றி அடுத்தவருக்காக எழுதிய கடிதம் அது.

கடல் கடந்த ஒரு வழக்கு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாநில நீதிமன்றம் தண்டித்த கைதி, மாநிலத்தின் வழிகளெல்லாம் முடிந்தபின், கூட்டரசு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு அளிக்கலாம். ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஓராண்டுக் கெடு வைத்தது. இரண்டாம் முறை வருவதை அரிதாக்கிற்று. முடிந்த மனுவை மீண்டும் திறப்பதோ, தனிச்சிறப்பான காரணம் இருந்தாலன்றி முடியாத செயல்.

டெக்சாஸ் மாநிலத்தில் டுவேன் பக் என்னும் கறுப்பினத்தவர் கொலைக் குற்றத்திற்காக 1997இல் மரண தண்டனை பெற்றார். கொலை செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கறுப்பினத்தவர் என்பதனாலேயே மீண்டும் வன்செயல் புரியும் வாய்ப்பு அவருக்கு மிகுதி என்று உளநூல் வல்லுநர் ஒருவர் நீதிமன்றத்தில் கூறினார். அச்சாட்சியை அழைத்து வந்தவர் அவருடைய சொந்த வழக்கறிஞரே! அவரது ஆட்கொணர்வு மனு ஒருமுறை தள்ளுபடியாகி முடிந்தது. எனினும் அதனை மீண்டும் திறக்குமாறு அவர் வேண்டினார். 2017 பிப்ரவரி 22ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மனிதனைத் தண்டிப்பது அவன் செய்த செயலுக்காகவே. அவன் பிறந்த இனத்திற்காக அன்று என்பதே அதன் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் அவரது தண்டனை ஆயுள் சிறையாயிற்று.

குற்றம் குற்றமே என்று ஒப்பிய பின்னரும், தண்டித்த முறை நேரியதா என்று கேட்க இடமுண்டு. இவ்வழக்கு உணர்த்துவது இதுவே. நம் தர்மபுரி வழக்கிலும் எழுந்த வினா இதுவேயன்றி வேறன்று.

அரை மணி நேரம்

உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் மேலே செல்ல வேறு நீதிமன்றம் இல்லை. ஆயினும் அரசியலமைப்பின் 137ஆம் பிரிவு, தன் தீர்ப்பைத் தானே மீண்டும் பார்க்கும் அதிகாரத்தை அந்நீதிமன்றத்திற்கு வழங்குகிறது. அதற்குச் சீராய்வு மனு என்று பெயர். இம்மனுக்களை நீதிபதிகள் தம் அறையிலேயே, தாள்களைக் கைமாற்றிப் படித்து முடிவு செய்வது வழக்கம். வழக்கறிஞர் எழுந்து பேசுவதில்லை. வாடகை வழக்கானாலும் தூக்கு வழக்கானாலும் ஒரே முறைதான்.

உயிர் போகும் வழக்கிலாவது எங்கள் பக்கத்தைத் திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கேளுங்கள் என்று தூக்குக் கைதிகள் சிலர் 32ஆம் பிரிவின்கீழ் மனு அளித்தனர். ஆட்கொணர்வு மனு நுழைவதும் இதே வாயில் வழியாகத்தான். தில்லி செங்கோட்டைத் தாக்குதல் வழக்கின் கைதி முகமது ஆரிப் பெயரால் இவ்வழக்கு அறியப்படுகிறது. அதனோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட மனுக்களுள், தர்மபுரி வழக்கின் மூவர் 2010இல் அளித்த மனுவும் ஒன்று என்பதை நம்மில் பலர் அறியோம்.

2014 செப்டம்பர் 2ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு வழங்கிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரோகின்டன் நாரிமன். தூக்குத் தண்டனை வழக்குகளை மூன்று நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வு விசாரிக்க வேண்டும். அவற்றின் சீராய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில், அரை மணி நேரத்திற்கு மேற்படாமல், வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என்பது அதன் முடிவு. முன்னமே சீராய்வு தள்ளுபடியாகி, ஆனால் தண்டனை நிறைவேறாமல் இருப்போரும் ஒரு மாதத்திற்குள் வழக்கைத் திறக்குமாறு கோரலாம் என்றும் கூறிற்று. நிறைவேற்றியபின் மீட்க முடியாத தண்டனை அது என்பதும், அதே சான்றுகளைக் கண்டு ஒரு நீதிபதி ஆயுள் என்றும் வேறொருவர் தூக்கு என்றும் முடிவு செய்தல் கூடும் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். நீதிபதி செலமேசுவர் மட்டும், அத்தகைய வாய்மொழி விசாரணை கட்டாயம் அன்று என மாறுபட்டார்.

அரை மணி நேரம்! நம் பங்குக் கோயில்களில் மறையுரையும் மன்றாட்டுகளும் எடுத்துக்கொள்ளும் நேரம். அந்நேரத்தில் மனித உயிரொன்று நிற்குமா வீழுமா என்பது பேசப்படும். கதவு திறந்தவர் அனைவரும் உயிர் பிழைத்துவிடவில்லை. அதே மனுக்களின் வரிசையில் இருந்த மும்பை குண்டுவெடிப்பு வழக்கின் கைதி யாகூப் மேமன், 2015 ஜூலை 30ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவ்வரிசையிலேயே இருந்த, நம் மாநிலத்துக் கடலூர் மாவட்டச் சிறுவன் கொலை வழக்கின் கைதிக்கோ 2023 மார்ச்சில் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டது. வழக்கைத் திறத்தல் என்பது விடுதலை அளித்தல் அன்று, செவி கொடுத்தலே.

இரக்கத்தின் ஆண்டில்

தர்மபுரி வழக்கு மீண்டும் கேட்கப்பட்டது. 2016 மார்ச் 11ஆம் நாள் நீதிபதி ரஞ்சன் கோகோய் தலைமையில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்து, மூவரின் தூக்கையும் ஆயுள் சிறையாகக் குறைத்தனர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் கூறவில்லை. மாணவியரோடு அவர்களுக்கு எவ்விதப் பகையும் இருந்ததில்லை என்பதையும், கூட்டவெறியின் நடுவே இழைத்த கொடுஞ்செயல் அது என்பதையும் கருதி, மிக அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டுமே உரிய தண்டனை இங்குப் பொருந்தாது எனக் கண்டது.

அவ்வாண்டு திருச்சபை இரக்கத்தின் யூபிலியைக் கொண்டாடியது. அதற்குச் சில நாள் முன்னர், 2016 பிப்ரவரி 21ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ், அவ்வாண்டில் எவரும் தூக்கிலிடப்படாதிருக்குமாறு கத்தோலிக்க ஆட்சியாளர்களைக் கேட்டிருந்தார். தில்லி நீதிபதிகள் அதனைக் கருதித் தீர்ப்பெழுதினர் என்று நாம் கூறவில்லை. அவர்கள் எழுதியது சட்டத்தைக் கருதியே. எனினும் இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததை நம்மால் நினையாதிருக்க முடியவில்லை. 2018இல் மறைக்கல்வி ஏட்டின் 2267ஆம் எண் திருத்தப்பட்டு, மரண தண்டனை ஏற்கத்தக்கது அன்று எனத் திருச்சபை தெளிவாகப் போதித்தது.

ஆறாத வினா

கதை இத்துடன் முடிந்திருந்தால் எழுதுவது எளிது. 2018 நவம்பர் 19ஆம் நாள், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவையொட்டி ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கும் அரசின் முடிவின்படி, மூவரும் வேலூர் சிறையிலிருந்து வெளிவந்தனர். அரசியலமைப்பின் 161ஆம் பிரிவின்கீழ் ஆளுநர் ஒப்புதல் அளித்தார்.

இங்கே நம் மனம் இரண்டாகப் பிளக்கிறது. நீதிமன்றம் வழக்கைத் திறந்ததற்கும், அரசு சிறையைத் திறந்ததற்கும் வேறுபாடு உண்டு. முன்னது திறந்த மன்றத்தில், இருபக்க வாதங்களையும் கேட்டு, காரணம் எழுதிச் செய்யப்பட்டது. பின்னதில் பிள்ளையை இழந்தோர்க்கு எழுந்து பேச மன்றம் ஏது? முதல் கதவைத் தட்டியவர் ஒரு தந்தை அன்றோ! கடைசிக் கதவு திறந்தபோது அத்தகையோரையும் அழைத்துக் கேட்டிருக்க வேண்டாமா? விடுதலை தவறு என்று தீர்ப்பளிக்க நாம் நீதிபதிகள் அல்லர். ஆயின் இரக்கம் என்பது துன்புற்றோரை மறந்துவிட்டுக் காட்டப்படுமாயின், அது பாதி இரக்கமே என்று சொல்லத் துணிகிறோம்.

தூக்கு குறைக்கப்பட்டதைக் கேட்டு, சட்டம் வலுவிழந்தது என்று கூறியோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. தான் தவறியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் நீதிமன்றமே வலுவுள்ள நீதிமன்றம். கிருஷ்ணகிரியில் தொய்ந்த வழக்கைச் சேலத்தில் நிமிர்த்தியது அந்த ஒப்புதலே. தில்லியில் முடிந்த வழக்கை மறுபடி கேட்கச் செய்ததும் அதுவே. ஒரே கதவுதான். ஒருநாள் அதன் வழியே தந்தை நுழைந்தார். மற்றொரு நாள் தண்டனை பெற்றோர் நுழைந்தனர். ஒருவருக்கு அடைத்துவிட்டு மற்றவருக்கு மட்டும் திறந்துவைக்க இயலாது.

நாம் செய்யக்கூடியது

நம் பங்குகளிலும் மகனோ கணவனோ சிறையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. வெட்கத்தினால் வெளியே சொல்லார். பணமில்லாமையினால் மேல்முறையீடு செய்யாமல் விட்டவர்களும் உண்டு. அவர்களிடம் சொல்லவேண்டிய செய்தி ஒன்றுள்ளது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காவலில் உள்ள எவரும் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி பெற உரிமையுடையவர். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அவ்வுரிமை உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமும், வட்ட அளவிலான குழுவிடமும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். சிறைக்குள் இருப்பவர் சிறை அதிகாரியின் வழியாகவும் அனுப்பலாம். கெடு கடந்துவிட்டதே என்று அஞ்சிச் சோர்ந்துவிட வேண்டா. தாமதத்தைப் பொறுத்தருளுமாறு காரணம் காட்டிக் கேட்கவும் சட்டத்தில் வழியுண்டு.

மற்றொன்று. சாட்சி சொல்ல அழைக்கப்பட்டால் கண்டதைக் கண்டவாறே சொல்வோம். ஒருவர் பிறழும்போது, பிள்ளையை இழந்த ஒரு தந்தை நீதிமன்றப் படிகளில் இன்னும் சில ஆண்டுகள் ஏற வேண்டியதாகிறது. கூட்டத்தோடு நிற்கும் நம் இளைஞர்களுக்கும் இதனைச் சொல்லி வைப்போம். கூட்டத்தில் கை நீட்டியவன் பிறகு குற்றவாளிக் கூண்டில் தனியாகவே நிற்கிறான்.

பிப்ரவரி 2ஆம் நாள் ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருவிழா. மெழுகுதிரிகளை மந்திரித்து ஏந்திச் செல்லும் நாள். அந்நாளில்தான் இலக்கியம்பட்டியில் தீ எரிந்தது. வரும் ஆண்டில் அத்திருவிழாவன்று திரியை ஏந்தும்போது, மூன்று மாணவியரை நினைத்து ஒரு மன்றாட்டுச் சொல்வோம். அவர்களின் பெற்றோரை நினைத்து ஒன்று. மனம் இடங்கொடுக்குமாயின், வீடு திரும்பிய மூவரை நினைத்தும் ஒன்று சொல்வோம்.